பெட்டிக்குப் பக்கத்தில் அக்கா

'கிட்டத்தட்ட' என்ற சொல்லைச் சார் காதில் விழும்படி நாங்கள் யாரும் சொல்லமாட்டோம். ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் எனக்கும் அவருக்கும் வேலை. நான் ஸ்டோர்ஸ், அவர் இன்ஸ்பெக்ஷன். லேத்தில் கடைந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து, தேறுகிறதா இல்லையா என்று ஒதுக்கவேண்டும். "கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்குது சார், விட்டுடுங்க" என்று ஆபரேட்டர் யாராவது கெஞ்சினால், "கிட்டத்தட்டன்னா இல்லன்னு அர்த்தம்பா" என்று சொல்லிவிட்டு அந்தப் பாகத்தைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவார். கோபமெல்லாம் கிடையாது. வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வார். அதனால்தான் எல்லோருக்கும் இன்னும் எரிச்சல் வரும்.

இந்தக் குணத்தை மனிதர் தொழிற்சாலை கேட்டோடு கழற்றி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. டீக்கடையில் போய் உட்கார்ந்தால், "இன்னிக்கு பால் மாத்திட்டியா?" என்பார். கடைக்காரர் முழிப்பார், ஏனென்றால் உண்மையிலேயே மாற்றியிருப்பார். கம்பெனி பஸ் வரும் சத்தத்தை வைத்தே எந்த டிரைவர் என்று சொல்லிவிடுவார். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுவதை அவர் தெருவைத் தாண்டி வந்து சொன்னபோது, நான் இரண்டு நாளாக அந்த ஒழுகலுக்குப் பக்கத்தில்தான் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட காது இருக்கிறவருக்குப் பழைய ஸ்பீக்கர் பெட்டிகள்மேல் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியமில்லை. எண்பதுகளில் வெளிநாட்டு ஸ்பீக்கரைப் புதிதாக வாங்குவதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது. ஆனால் எல்லையைத் தாண்டினால் பெங்களூர். அங்கே ரிடையரான அதிகாரிகளும், பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் போய்ச் சேருகிறவர்களும் வீட்டுச் சாமான்களை விற்கப் பேப்பரில் விளம்பரம் கொடுப்பார்கள். சார் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவார். கூட நானும் போவேன். எனக்கு அம்மா வழியில் கன்னடம் வரும், பேரம் பேச ஆள் வேண்டும். அவருடைய மனைவியும் வருவார். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அக்கா எதற்கு வந்தார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன், ஆனால் அதற்கு முன்னால் சார் பெட்டியைப் பார்க்கும் விதத்தைச் சொல்லவேண்டும்.

பெட்டியின் முன்னால் பளபளவென்று ஒட்டியிருக்கும் பெயர்த்தகட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அந்தத் தகடுகள் தனியாகவே கடைவீதியில் கிடைக்கும். உள்ளூர் ஆசாரி செய்த பெட்டியில் அதை ஒட்டி லண்டன் சரக்கு என்று விற்பவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். "பேரு ஒட்டினா ஆயிடுமா? திருப்புப்பா" என்பார். பின்பக்கம் திருகுகளைப் பார்ப்பார். இரண்டு பெட்டியின் மரவரியும் ஒரே மரத்திலிருந்து வந்ததா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஸ்பீக்கரில் அதிரும் காகிதக் கூம்பை இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக, குழந்தையின் உச்சந்தலையைத் தொடுவதுபோல அழுத்துவார். உள்ளே உரசல் கேட்டால் முகம் சுருங்கிவிடும். கடைசியாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு டார்ச் செல்லை எடுத்து, பெட்டியின் சிவப்பு முனையிலும் கறுப்பு முனையிலும் இரண்டு கம்பியால் தொடுவார். 'டப்' என்று ஒரு சத்தம் வரும். கூம்பு முன்னால் தள்ளிக்கொண்டு வரவேண்டும்.

ஒருமுறை அல்சூரில் ஒரு பெரியவர் தன்னுடையது இங்கிலாந்துப் பெட்டி என்று அடித்துச் சொன்னார். சார் செல்லைத் தொட்டதும் கூம்பு உள்ளே போனது. கம்பியை மாற்றிப் பிடித்துவிட்டாரோ என்று நான் பார்த்தேன். "இல்லப்பா, இது அமெரிக்காக்காரன் வேலை. அங்க ஒரு கம்பெனி மட்டும் இப்பிடித் தலைகீழா கட்டுவான்" என்றார். பெரியவர் உள்ளே போய்த் தன் மனைவியிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பெட்டியைக் கொண்டுவந்த மச்சான் கப்பலில் வேலை பார்த்தவராம், நியூயார்க்கில் வாங்கினாராம். பெரியவர் சாரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம்கூட இருந்தது.

இவ்வளவும் முதல் கட்டம்தான். இதில் தேறிய பெட்டிக்குத்தான் அக்கா.

என் மனைவி திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி ஓசூர் வந்தபோது அவளுக்குக் கேழ்வரகுக் களி கிண்டத் தெரியாது. அக்கா ஒருநாள் தன் சமையலறையில் வைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சார் அப்போது புதிதாக வாங்கிய ஒரு மைக்கைச் சோதிப்பதற்காகக் கேசட் ரெக்கார்டரை ஓடவிட்டிருந்தார். முழுக்கப் பதிவாகிவிட்டது. "மாவு கொட்டினதும் கிண்டாத. நடுவுல துடுப்ப குத்தி அப்பிடியே வுடு. தண்ணி அது வழியா பொங்கிக்கினு மேல வரும். அப்பறந்தான் கிண்டணும். கை நிக்கக் கூடாது, நின்னா கட்டி கட்டிக்கும்." நடுநடுவே என் மனைவியின் "சரிக்கா". அக்காவுக்கு நல்ல கணீரென்ற குரல். தெருக்கோடியில் காய்கறிக்காரரை வீட்டுக்குள்ளிருந்தே நிறுத்திவிடும் குரல்.

பாட்டு வைத்துப் பார்த்தால் எந்தப் பெட்டியும் ஏமாற்றிவிடும் என்பது சாரின் கட்சி. "பாடறவங்க நெசமா எப்பிடிப் பாடினாங்கன்னு நமக்கென்ன தெரியும்? இவ குரலு எனக்குத் தெரியும்." அதனால் விற்கிறவர் வீட்டுக்கு அந்த ரெக்கார்டரையும் கேசட்டையும் தூக்கிக்கொண்டு போவோம். சார் எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். நான் கேசட்டைப் போடுவேன். பெட்டியிலிருந்து அக்கா களி கிண்டச் சொல்லிக்கொடுப்பார். என் இஷ்டத்துக்கு எங்காவது பட்டனைத் தட்டி நிறுத்துவேன். நிறுத்திய இடத்திலிருந்து, நிஜ அக்கா அதே வேகத்தில் அடுத்த வார்த்தையைப் பிடித்துத் தொடர்வார். பெட்டி நின்று ஆள் தொடங்கியது தெரிந்ததும் சார் வலதுகையைத் தூக்குவார். கை தூக்கினால் பெட்டி தோற்றது.

ஸ்பீக்கர் விற்க உட்கார்ந்திருக்கும் பெங்களூர் வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கணவர் சுவரைப் பார்த்து நிற்கிறார், மனைவி நடுஹாலில் நின்று களித் துடுப்பைக் குத்தச் சொல்கிறார். மல்லேஸ்வரத்தில் ஓர் அம்மாள் காகிதம் எடுத்துவந்து செய்முறையை எழுதிக்கொண்டார்.

கை தூக்காமல் சார் ஒருநாளும் இருந்ததில்லை. அக்கா முதல் வார்த்தையை முடிப்பதற்குள் கை மேலே போயிருக்கும். என் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருமுறை வேண்டுமென்றே கேசட்டை நிறுத்தாமல் முழுக்க ஓடவிட்டேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கை தூக்குகிறாரா பார்க்கலாம் என்றிருந்தேன். தூக்கவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்தபடியே, "ஏம்பா, தூங்கிட்டியா?" என்றார்.

பசவனகுடிக்குப் போனது ஒன்று மறக்காது. கணவரை இழந்த ஒரு கன்னடத்து அம்மாள் தனியாக இருந்தார். நல்ல பெட்டிகள், சார் முகத்திலேயே தெரிந்தது. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். வீட்டை வெள்ளையடித்தபோது பெட்டிகளைக் கழற்றி மாட்டினார்களாம், அதிலிருந்து இசைத்தட்டில் பாடுகிறவள் நடுவீட்டில் நின்று பாடுவதில்லையாம், எங்கேயோ மூலைக்குப் போய்விட்டாளாம். அவர் கணவர் கேட்ட பாட்டு அது, அப்படிக் கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம் என்று கன்னடத்தில் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். சார் பெட்டிக்குப் பின்னால் போய், ஒன்றில் மட்டும் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இடம் மாற்றினார். மாட்டும்போது யாரோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இசைத்தட்டைத் திரும்பப் போட்டதும் அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "பந்தளு, பந்தளு" என்றார். வந்துவிட்டாளாம். அப்புறம் எங்கே விற்பது? காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சாரைப் பிடித்துக்கொண்டேன். பெட்டியை வாங்கிவிட்டு நம் வீட்டில் வந்து கம்பியை மாற்றியிருக்கக் கூடாதா?

"கோளாறுன்னு விக்கறாங்க. கோளாறு இல்ல. அப்பறம் எப்பிடிப்பா வாங்கறது?"

"இவரோட வந்தா வெறுங்கைய வீசிக்கினுதான் திரும்பணும்" என்றார் அக்கா ஜன்னலோரத்திலிருந்து. சொன்ன விதத்தில் குறை இல்லை, கொஞ்சம் பெருமைதான் இருந்தது.

கடைசியில் அவருக்கான பெட்டி ரிச்மண்ட் டவுனில் ஒரு பழைய பங்களாவில் கிடைத்தது. பெயர்த்தகடு இல்லை, முன்துணியைப் பூனை கிழித்திருந்தது. வேலைக்காரர் அதன்மேல் இஸ்திரித் துணிகளை அடுக்கிவைத்திருந்தார். சார் பக்கவாட்டில் விரலால் தட்டினார். மரம் 'டொக்' என்று ஒலிக்கவில்லை, மூட்டையைத் தட்டியதுபோல 'தொப்'பென்றது. மறுபடி தட்டினார். "மெல்லிசுப் பலகை. உள்ள தார்ஷீட்டு ஒட்டியிருக்கான். ரேடியோ ஸ்டேஷன்ல பேச்சுக் கேக்கறதுக்குன்னே இங்கிலாந்துல செஞ்ச வகை" என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் கேசட்டைப் போட்டு, பாதியில் நிறுத்தினேன். அக்கா தொடர்ந்தார். கை எழவில்லை. அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். துடுப்பைக் குத்தியாயிற்று, தண்ணீர் பொங்கியாயிற்று, கிண்டியாயிற்று, தட்டில் கொட்டி உருட்டியும் ஆயிற்று. கை எழவே இல்லை.

"ஏங்க, முடிஞ்சிடுச்சி" என்றார் அக்கா.

சார் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "எப்ப நிறுத்தின?" என்று என்னைக் கேட்டார். வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்ட ஒரே சந்தேகம் அதுதான்.

அந்தப் பெட்டிகளை பஸ்மேல் ஏற்றிக்கொண்டு வந்தோம். எல்லையில் செக்போஸ்ட்டில் ஒருவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நாந்தான் சார் இருக்கறேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

இரண்டொரு வருஷம் போயிருக்கும். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "இவ குரல்ல ஒரு இழை அதிகமா கேக்குதுப்பா" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மனைவிக்கும் தெரியவில்லை. அக்காவே, "சளி கட்டியிருக்கும், இவருக்கு வேற வேல இல்ல" என்று சிரித்தார். சார் விடவில்லை. லீவு போட்டு பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போனார். தொண்டையில் கட்டி. இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்கமாட்டார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். காதில் கேட்டது என்று சொன்னாராம் இவர்.

ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

அக்கா வீடு திரும்பினார். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துவாரம், அதன்மேல் ஒரு சின்னத் துணி. அந்தத் தெருவே சத்தம் குறைந்ததுபோல இருந்தது. ஆஸ்பத்திரியில் ஓர் அம்மையார் அக்காவுக்குக் காற்றை விழுங்கி, ஏப்பம்போல வெளியே விட்டு, அதில் பேசக் கற்றுக்கொடுத்தார். அக்கா பிடிவாதமாகக் கற்றுக்கொண்டார். பகலில் என் மனைவியோடு சமையலறையில் உட்கார்ந்து பழகுவார். இரண்டிரண்டு வார்த்தையாக, கரகரவென்று, தகரத்தில் கல்லை இழுத்ததுபோல ஒரு குரல். பழகப் பழகப் புரிந்தது. ஆனால் சார் வீட்டுக்குள் வந்துவிட்டால் அக்கா வாயே திறக்கமாட்டார். சைகைதான்.

"அந்தக் காதுக்கு. முன்னால. இந்தக் கொரல. எப்பிடி வெக்கறது" என்று என் மனைவியிடம் சொல்லி அழுதாராம். ஊரில் உள்ள பெட்டியையெல்லாம் ஒரே வார்த்தையில் தள்ளிய காது. தன்னையும் தள்ளிவிடும் என்று அக்கா பயந்தார். என் மனைவிக்கு அதே கவலையாகிவிட்டது. ஒரு வீட்டில் இருவர், ஆயுசு முழுக்க இப்படியே ஊமையாக இருந்துவிடுவார்களா?

சாருக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒருநாள் எனக்கு ஷிப்ட் மாறி, பகலிலேயே வீட்டுக்கு வந்தேன். சார் தன் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். உள்ளே அக்கா என் மனைவியோடு பேசும் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்தார். அந்த வெயிலில் அப்படியே நின்று கேட்டார். வெகுநேரம் கழித்துச் சைக்கிளைத் தெருமுனை வரை திரும்பத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து பெல்லை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். உள்ளே பேச்சு நின்றது. "தெனமும் இப்பிடித்தானா சார்?" என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "பெட்டிய ஒருதரம் சரிபாக்கணும். வாப்பா."

போனால், ரெக்கார்டரை மாட்டி வைத்திருந்தார். அக்கா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சார் எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "போடு" என்றார். போட்டேன். அந்தப் பழைய கணீர்க் குரல் வீடு முழுக்க வந்து நின்றது. மாவு கொட்டினதும் கிண்டாத. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிறுத்துவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முதுகு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. 'அப்பறந்தான்' என்ற இடத்தில் தட்டிவிட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. சார் திரும்பவில்லை, அசையவில்லை. நானாக இருந்தால் ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன். அவர் நின்றார். அக்கா நிலையை விட்டுவிட்டு மெதுவாக நடந்து வந்து, பெட்டிக்குப் பக்கத்தில், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார். காற்றை விழுங்கினார்.

"கிண்டணும்" என்றார். "கை. நிக்கக் கூடாது."

சாரின் கை மேலே போனது. எப்போதும்போல, முதல் வார்த்தையிலேயே.

அக்காவின் முகம் செத்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடலாம் என்று தோன்றியது. சார் திரும்பினார்.

"கேசட்டு தப்பு" என்றார். "ஆளு ஒரு மாதிரி பேசறாங்க, இது வேற மாதிரி பேசுது. ஆளுதான அசலு? கிட்டத்தட்டக்கூட வரல."

கேசட்டை வெளியே எடுத்தார். கேசட்டின் முதுகில் இரண்டு சின்னக் காதுகள் இருக்கும், அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. இதில் என்றைக்கோ உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டைகளின்மேல் இப்போது பிளாஸ்திரி ஒட்டினார். என்ன செய்யப்போகிறார் என்று என் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது.

"ஐயோ, வேண்டாம் சார்! அதுலதானே அக்கா கொரலு இருக்கு! வேற கேசட்டு வாங்கிட்டு வரச் சொல்லுதேன்" என்று கத்தினாள்.

"அக்கா இங்க இருக்காங்கம்மா" என்றார் சார்.

கேசட்டை ரெக்கார்டரில் போட்டு, மைக்கைச் செருகி, அக்காவின் முன்னால் முக்காலியில் வைத்தார். பட்டனை அவர் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, இந்தமுறை சுவரைப் பார்க்காமல், அக்காவைப் பார்த்து நின்றார். அக்கா அந்த ரெக்கார்டரையே வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து, பதிவதற்கான இரண்டு பட்டன்களையும் தானே சேர்த்து அழுத்தினார். கேசட் சுற்றத் தொடங்கியது.

"என்ன. சொல்றது?" என்றார் அக்கா.

"எது வேணா சொல்லு. நீ எங்கிட்ட பேசி எவ்ளோ மாசமாச்சு."

நானும் என் மனைவியும் சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்துவிட்டோம். கேசட்டின் அந்தப் பக்கம் தீரும்வரை அக்கா பேசினார். பிறகு சார் கேசட்டைத் திருப்பிப் போட்டிருக்கவேண்டும், ஏனென்றால் நாங்கள் சமைத்துச் சாப்பிட்டு முடித்தபோதும் அந்தக் கரகரத்த குரல் தெருவைத் தாண்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.